திரும்பி வந்த சேவல்: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கோழிச் சாவும் பறவைக் காய்ச்சல் கண்காணிப்பும்

நாட்டுக்கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோனவர்கள் விற்றுவிட்டுத்தான் வருவார்கள் என்பது வெளியாட்களின் கணக்கு. விலை படியாவிட்டால் சேவல் அதே கூடையில் வீடு திரும்பும். கீழே சொல்லும் நிகழ்வு அப்படித் திரும்பிய ஒரு சேவலில்தான் தொடங்கியது. பறவைக் காய்ச்சலோ என்று சந்தேகப்பட்டோம். இல்லை என்று முடிவு வந்தது. 'இல்லை' என்று வரும் காகிதத்தைக் கோப்பில் சொருகிவிட்டு அடுத்த வேலைக்குப் போவது எங்கள் கால்நடைத் துறையில் வழக்கம். இந்த முறை முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் நோய் எந்த வழியாக வந்தது, எங்கெல்லாம் போனது என்று கொஞ்சம் பின்தொடர்ந்து பார்த்தோம். நாங்கள் வழக்கமாக மாதிரி எடுக்கும் இடங்களோடு அந்த வழி கடைசியில் ஒரே ஒரு முனையில்தான் முட்டியது. எழுதத் தோன்றியது அதனால்தான்.

நடந்தது

தை மாதம், பொங்கல் கழிந்த வாரம். உசிலம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், ஊர்ப் பெயர் அடிபட்டால் அந்த ஊர் முட்டையைக்கூட ஆறு மாதத்துக்கு எவரும் வாங்க மாட்டார்கள். கால்நடை மருந்தகத்துக்கு வந்த போனில் ஒரு பெண்மணி, "சார், கோழி அம்புட்டும் தூங்கித் தூங்கி விழுகுது" என்றார்.

"எத்தனைம்மா செத்திருக்கு?"

"செத்தது கெடக்கட்டும் சார். நிக்கிறதுக்கு ஏதாச்சும் மருந்து குடுங்க."

போய்ப் பார்த்தபோது வீட்டுக் கொல்லையில் ஏழெட்டுக் கோழிகள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போயிருந்தது. ஒன்றிரண்டுக்குக் கழுத்து திருகியிருந்தது. இதுவரை பார்த்தால் ஊரில் எந்தக் கிழவியும் சொல்லிவிடுவார்: வெள்ளைக் கழிச்சல், இராணிக்கெட். ஆனால் இரண்டு கோழிகளுக்குக் கொண்டை நீலம் பாரித்திருந்தது. அதோடு ஊர்க் கண்மாயில் ஒரு மடையான் கொக்கு செத்துக் கிடந்ததாக ஆடு மேய்க்கும் பையன் சொன்னான். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டுச் சோதனைச் சாவடிகளில் கேரள வண்டிகளுக்கு மருந்து தெளிக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆலப்புழைப் பக்கத்து வாத்துகளில் 2014, 2016, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வந்த நோய் பறவைக் காய்ச்சல். மலையைத் தாண்டினால் நம் தேனி. தேனிக்கு அடுத்தது இந்த ஊர்.

கழிச்சலும் உயர் வீரியப் பறவைக் காய்ச்சலும் கண்ணால் பார்த்துப் பிரிக்கக்கூடியவை அல்ல. தலை வீக்கம், கொண்டை நீலம், கால் செதிலுக்கு அடியில் இரத்தக்கட்டு, அறிகுறியே இல்லாமல் பொத்தென்று சாவு என்று பாடப்புத்தகத்தில் பட்டியல் இருக்கிறது. தடுப்பூசியே காணாத நாட்டுக்கோழியில் கடுமையான கழிச்சல் வந்தால் அந்தப் பட்டியலில் பாதி அதற்கும் பொருந்தும். வழக்கமான நாளாக இருந்தால் செத்த கோழி ஒன்றை அங்கேயே அறுத்து, இரைப்பையில் இரத்தப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்திருப்பேன். பறவைக் காய்ச்சல் என்ற நினைப்பு வந்துவிட்டால் களத்தில் கத்தியை எடுக்கக் கூடாது. மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குச் சொன்னோம்.

மாதிரி எடுப்பதைப் பற்றிக் காகிதத்தில் ஒரு வரிதான் இருக்கும். கையில் அது வேறு. கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் அலகைத் திறந்து பிடிக்க வேண்டும். நாக்குக்குப் பின்னால் மூச்சுத்துளை திறந்து மூடுவது தெரியும். திறக்கும் நொடியில் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு மெல்லச் சுழற்றி எடுக்க வேண்டும். கொஞ்சம் தவறினாலும் உணவுக்குழாயில் போய் கேழ்வரகுக் கூழோடு வரும். அடுத்தது மலவாய். குச்சியின் பஞ்சில் எச்சக் கறை தெரியாவிட்டால் அது மாதிரியே இல்லை. திரவம் உள்ள குப்பியில் போட்டு, குச்சியை ஒடித்து, மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். பி.பி.இ. உடைக்குள் வியர்வை ஊற்ற, கையுறை ஈரத்தில் மார்க்கர் எழுத்து அழிய, சுற்றிலும் ஊர்ப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்க, இத்தனையும் நடக்கும். எங்களுக்குக் கோழி பிடித்துக்கொடுத்தது அந்தப் பெண்மணியின் மகள்தான். அவருக்கும் முகக்கவசமும் கையுறையும் மாட்டிவிட்ட பிறகே பிடிக்கவிட்டோம்.

செத்த கோழிகள் என்ன ஆயின என்று கேட்டபோது விவரம் மெல்ல மெல்ல வந்தது. சிலதை ஓடையில் எறிந்திருந்தார்கள். ஒன்றைக் குழம்பு வைத்திருந்தார்கள். "செத்ததைத் திங்கல சார். கண்ணு சொக்குன ஒடனே அறுத்துட்டேன்." ஊர் நியாயத்தில் இது பெரிய வித்தியாசம். நன்றாகக் கொதித்த குழம்பில் வைரஸ் நிற்காது. 70 டிகிரி தாண்டினால் போதும். ஆபத்து அறுப்பதிலும் இறகு பிடுங்குவதிலும் இருக்கிறது, பச்சைக் கறியைத் தொடுவதில் இருக்கிறது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றி இறந்த இரண்டு வயதுக் குழந்தைக்குப் பச்சைக் கறித்துண்டு கொடுக்கப்பட்டிருந்ததாகச் செய்தி வந்தது. இதை அங்கே சொன்னேன். அதற்குப் பிறகுதான் கடைசித் தகவல் வந்தது: தூங்க ஆரம்பித்த கோழிகளில் நாலைந்தை டி.வி.எஸ். 50ல் வரும் வியாபாரியிடம் பாதி விலைக்குக் கொடுத்திருந்தார்கள்.

சேவல் போன வழி

பொங்கலுக்கு முந்தின சந்தைக்கு அந்த வீட்டில் இருந்து சேவல்கள் போயிருந்தன. விற்றது போக ஒன்று திரும்பியது. அது திரும்பிய நாலைந்து நாளில் முதல் கோழி தூங்கியது. கழிச்சலுக்கும் சரி, பறவைக் காய்ச்சலுக்கும் சரி, கணக்கு ஒத்துவருகிற இடைவெளி.

சந்தையில் அந்தச் சேவல் பாதி நாள் எங்கே இருந்தது என்று விசாரித்தோம். காலைக் கட்டித் தரையில் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் வாத்துக் கூடை. இன்னொரு பக்கம் வியாபாரியின் கம்பிக் கூண்டு. அதில் வேறு சந்தையில் இருந்து மிச்சமாக வந்த கோழிகள். எங்கள் பக்கத்துச் சந்தைகள் வாரத்தில் ஒரு நாள் கூடுபவை என்று தனித்தனியாகத்தான் எண்ணுகிறோம். வியாபாரிக்கு அவை ஒரே கயிற்றில் கோத்தவை. வியாழன் அய்யலூர், வெள்ளி திருமங்கலம். அய்யலூர் ஆட்டுக்கும் கோழிக்கும் சண்டைக்கு வளர்க்கும் கட்டுச்சேவலுக்கும் பேர்போன சந்தை. திண்டுக்கல், திருச்சி, கரூர் ஆட்கள் எல்லாம் வருவார்கள். அங்கே வியாழன் மதியம் விலை போகாத கோழி, வெள்ளி விடிவதற்குள் வேறு மாவட்டத்துக் கோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

கட்டுச்சேவல் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரு வரி மட்டும்: அதை வைத்திருப்பவர் வாயில் தண்ணீர் வைத்து அதன் முகத்தில் ஊதுவார், அலகுக்குள் விரல் விட்டுக் கோழையை எடுப்பார், சேவல்கட்டு நடக்கும் பூலாம்வலசு வரை மடியில் வைத்துப் பயணம் செய்வார். மனிதன் முகத்துக்கு அத்தனை பக்கத்தில் வேறெந்தக் கோழியும் வருவதில்லை.

டி.வி.எஸ். 50 வியாபாரியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பேச வைப்பதுதான் சிரமம். பேசிய பிறகு மறைக்கவில்லை. "சீக்குக் கோழின்னு தெரிஞ்சே வாங்குறதில்ல சார். மலிவா வந்தா வாங்குவோம், அன்னைக்கே கடைக்குத் தள்ளிருவோம்." அந்தக் கோழிகள் போய்ச் சேர்ந்தது நகரத்தில் ஒரு கறிக்கடை. மாதிரி எடுக்க நாங்கள் போகும் வகையான கடைதான்.

அந்தக் கடையைப் பார்த்தால் விஷயம் விளங்கும். மூன்று அடுக்குக் கூண்டு. மேல் இரண்டில் பிராய்லர். பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் இருந்து இரவு லாரியில் இறங்கி, மறுநாள் மதியத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நாற்பது நாள் வயசு. கொட்டகையை விட்டு வெளியுலகம் பார்த்தது அந்த ஓர் இரவுதான். கீழ் அடுக்கில் நாட்டுக்கோழி, ஓரத்தில் காடை, சில நாள் ஒரு வாத்து, கிறிஸ்துமஸ் சமயம் வான்கோழி. கீழ் அடுக்கு மெல்லத்தான் விற்கும். ஒரு சேவல் ஐந்து நாள்கூட அங்கே நிற்கும். மேலே இருந்து எச்சம் அதன் மேல் விழும். புதிய கோழி வரும்போது பழையது இருக்கும். அந்தக் கூண்டு ஒருநாளும் முழுதாகக் காலியாவதில்லை. ஆகவே முழுதாகக் கழுவப்படுவதும் இல்லை.

மாதிரி எடுக்கப் போகிறவர் எந்தக் கோழியைக் கேட்பார்? மேல் அடுக்கைத்தான். எண்ணிக்கை அங்கேதான் இருக்கிறது, கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார், கோழியும் திமிறாது. பத்தில் ஒரு பறவைக்குத் தொற்று உள்ள கூட்டத்தில் ஒன்றையாவது 95 சதவீத உறுதியோடு பிடிக்க 29 பறவைகளிடம் எடுக்க வேண்டும். இருபதில் ஒன்றுக்கு என்றால் 59. நூறில் ஒன்று என்றால் கிட்டத்தட்ட 300. இந்தக் கணக்கு சரிதான். ஆனால் 29 பிராய்லரிடம் எடுத்துவிட்டு அதைக் 'கடை' என்று எழுதும்போது கணக்கு பொய்யாகிறது. அந்த 29ம் ஒரே கொட்டகையின் பிள்ளைகள். அவற்றிடம் தொற்று இல்லை என்றால் பல்லடத்தில் ஒரு கொட்டகை சுத்தம் என்று பொருள். கீழ் அடுக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தக் கடையில் கோழியைத் தொடாமலே எடுக்கத்தக்கவை வேறு இருக்கின்றன: இறகு உரிக்கும் டிரம்மின் உள் ரப்பர் விரல்கள், வெட்டுக்கட்டை, கீழ்த்தட்டில் சேரும் எச்சம், தண்ணீர்க் கிண்ணம், கழிவு வாளி. பல நாள் வந்துபோன பறவைகளின் சுவடு அங்கேதான் தேங்கும். கடைக்காரருக்கும் கோழி அடிபடவில்லை என்ற நிம்மதி.

மூடிய கூண்டு

அந்த ஊரில் வீடு வீடாக விசாரித்தபோது பக்கத்து வீட்டு அக்காவிடம், "கிளி, புறா ஏதாவது வளக்குறீங்களாக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல சார்." சொல்லி வாய் மூடவில்லை; கொட்டகைக்குள் பழைய சேலை போட்டு மூடிய ஏதோ ஒன்றுக்குள் இருந்து "வா மாமா" என்று தெளிவாகக் குரல் வந்தது. எல்லாரும் சிரித்துவிட்டோம், அவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஃபாரஸ்ட்டுல சொல்லிருவீங்களா?"

பயத்தில் நியாயம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி பாதுகாக்கப்பட்ட பறவை. கூண்டில் வைப்பது குற்றம். சட்டம் தேவையானதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் பக்கவிளைவாக இந்தப் பறவைகள் கால்நடை மருத்துவரின் கண்ணில் படாமல் போகின்றன. கிளி சீக்கானால் எவரும் மருந்தகத்துக்குக் கொண்டுவருவதில்லை. கிளி மட்டுமா? பழக்கிய கவுதாரி, சாயம் பூசிய சில்லைக் குருவி, கண்மாயில் கண்ணி வைத்துப் பிடித்துச் சாலையோரத்தில் உயிரோடு விற்கும் மடையானும் கானாங்கோழியும் அப்படித்தான். பறவைக் காய்ச்சலைப் பொறுத்தவரை கடைசி இரண்டும்தான் எனக்குக் கவலை. கிளி நீர்ப்பறவையோடு பழகுவது குறைவு. மடையான் சாப்பிடுவதே கண்மாயில்.

அந்தக் கிளிக்கூண்டு கோழிகள் அடையும் கொட்டகையிலேயே தொங்கியது. கிளி சிந்தும் நெல்லைக் கோழி பொறுக்கியது. இரண்டுக்கும் ஒரே குடத்துத் தண்ணீர். கிளி கழிச்சல் வைரஸைத் தன்னிடம் நோய் தெரியாமலே பல மாதம் சுமந்து வெளியிடக்கூடிய பறவை. 1971ல் தெற்குக் கலிபோர்னியாவில் இறக்குமதியான கூண்டுக் கிளிகளோடு வந்த கழிச்சல் கோழிப்பண்ணைகளில் பரவி, கிட்டத்தட்ட 1.2 கோடிப் பறவைகளை அழிக்க வேண்டிவந்தது. பறவைக் காய்ச்சலிலும் கூண்டுப் பறவைகளுக்குக் கதைகள் உண்டு. 2004 அக்டோபரில் தாய்லாந்தில் இருந்து பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் இறங்கிய பயணி ஒருவரின் கைப்பையில் இரண்டு கழுகுகள் இருந்தன. நோய் தெரியாத அந்த இரண்டுக்கும் எச்5என்1 இருந்தது. அதே மாதம் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிக் காப்பகத்தில் தொற்றுள்ள பச்சைக் கோழிக்கறி தின்ற புலிகளில் 147 இறந்தன அல்லது கொல்லப்பட்டன. நமக்குப் பக்கத்திலேயே, 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1ஆல் இறந்தன. கறிக்கடை வாசலில் குடலுக்குக் காத்திருக்கும் பூனைகளை அதற்குப் பிறகு நான் வேறு கண்ணால்தான் பார்க்கிறேன்.

கிளியிடம் மாதிரி எடுத்தோம். விரலைக் கடித்தது. முடிவு வந்த பிறகு அந்த அக்கா தானே வனத்துறையிடம் கிளியை ஒப்படைத்தார். இங்கே ஒரு கேள்வி நிற்கிறது. பிடிபடும் கிளிகளும் ஒப்படைக்கப்படும் கிளிகளும் கடைசியில் காட்டில் விடப்பட வேண்டியவை. கோழிக் கொட்டகையில் வருடக்கணக்கில் தொங்கிய பறவையை அழகர்மலைப் பக்கம் திறந்துவிடுவதற்கு முன்னால் தனிமையில் வைத்து, இரண்டு முறை மாதிரி பார்த்து அனுப்புவது கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து. செலவு ஐஸ் பெட்டிக்கும் ஆர்.டி.பி.சி.ஆருக்கும் ஆகும் செலவுதான்.

முடிவும் அதன் பிறகும்

மாதிரிகள் முறைப்படி போயின. முதலில் எல்லா இன்ஃபுளுயன்சா ஏ வகைக்கும் பொதுவான எம் மரபணுவைத் தேடுவார்கள். அது இருந்தால்தான் எச்5, எச்7, எச்9 என்று பிரிப்பார்கள். நாட்டுக்கே கடைசிச் சொல் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துடையது. எங்கள் கோழிகளில் எம் மரபணு இல்லை. இராணிக்கெட் வைரஸ் இருந்தது. கிளியில் இரண்டும் இல்லை. மடையான் அழுகிவிட்டதால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்மாயில் வேறு சாவு நிகழவும் இல்லை.

பறவைக் காய்ச்சலாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழி, வாத்து எல்லாம் அழிக்கப்படும். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு வளையம். 2006ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாக எச்5என்1 வந்த நாளில் இருந்து சுற்றியுள்ள பறவைகளை அழிப்பதுதான் இந்தியாவின் வழி. அழிக்கும் பறவைக்கு மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி இழப்பீடு தரும். ஏற்கெனவே செத்ததற்குக் கிடையாது. இந்த விதி அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் செய்ததையே செய்திருப்பார். தூங்கும் கோழிக்குப் பாதி விலை இன்றே வாசலில் கிடைக்கிறது, சர்க்கார் பணம் என்றைக்கோ.

ஆனால் கழிச்சல் நடந்து காட்டிய வழி பறவைக் காய்ச்சலுக்கும் அப்படியே திறந்திருக்கிறது. சந்தை, திரும்பிய சேவல், கொல்லை, கிளிக்கூண்டு, டி.வி.எஸ். 50, கடையின் கீழ் அடுக்கு. கழிச்சலை நாங்கள் அலட்சியமாகப் பார்ப்பது இதனால்தான் தவறு. அதற்குத் தடுப்பூசி உண்டு. மாசி வாக்கில் முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறோம். தடுப்பூசி போட்ட ஊரில் கோழி கூட்டமாகச் செத்தால் அங்கே உடனே சந்தேகம் எழும். தடுப்பூசி போடாத ஊரில் எது வந்தாலும் 'கழிச்சல்' என்ற பேரிலேயே புதைந்துபோகும்.

ஹாங்காங் அனுபவத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம், அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1997ல் அங்கே 18 பேருக்கு எச்5என்1 தொற்றி 6 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்தார்கள். பிறகு வாத்தையும் கூஸ் என்ற பெரிய வாத்தையும் கோழிச் சந்தையில் இருந்து பிரித்தார்கள். 2001ல் மாதம் ஒரு நாள் சந்தைகளை முழுதாகக் காலி செய்து கழுவும் விடுமுறை வந்தது. 2002ல் உயிருள்ள காடை விற்பனை நின்றது. 2003ல் விடுமுறை இரண்டு நாளானது. 2008ல் இரவில் உயிர்க்கோழி வைத்திருக்கவே தடை வந்தது. நம் வாரச்சந்தைக்கு ஆறு நாள் விடுமுறை தானாகவே இருக்கிறது, சித்திரை வெயிலும் சேர்ந்தால் தரையில் ஒன்றும் நிற்காது. இங்கே ஆபத்து மண்ணில் இல்லை, கலைந்து போகும் கோழியில் இருக்கிறது. நகரக் கடைக்குத்தான் ஹாங்காங் மருந்து பொருந்தும்: வாரம் ஒரு நாள் கீழ் அடுக்கைக் காலியாக்கிக் கழுவிக் காயவிடுவது. இறைச்சிக்கடைகளை மூடச் சொல்லும் நாட்கள் வருடத்தில் சில ஏற்கெனவே உண்டு. ஆனால் அன்றைக்குக் கடைதான் மூடியிருக்கும், கூண்டில் கோழி நிற்கும்.

இதற்குப் பிறகு எங்கள் பக்கம் மாறியது கொஞ்சம்தான். சந்தைக்குக் காலையில் போவதை விட்டு, கலையும் நேரத்துக்குப் போகிறோம். கூடையில் திரும்பும் கோழிகளிடம் எடுக்கிறோம். கோழிக்காரர் பஸ் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார். 29 பேரை நிறுத்துவது நடக்காத காரியம். கிடைத்ததை எடுக்கிறோம், எத்தனை கிடைத்தது என்று உள்ளபடி எழுதுகிறோம். கடையில் கீழ் அடுக்கும் டிரம்மும் தனி வரியாகப் பதிவாகின்றன.

டி.வி.எஸ். 50 வியாபாரி என் நம்பரை வாங்கிக்கொண்டார். எந்த ஊரில் கோழி திடீரென்று மலிகிறது என்பது எங்கள் எந்தப் படிவத்தையும் விட அவருக்கு முன்னதாகத் தெரியும். எவர் வீடு என்று நான் கேட்பதில்லை, ஊர் மட்டும் போதும் என்பது பேச்சு. "சார், இன்னைக்கு அந்தப் பக்கம் நூறு ரூவாய்க்குக் குடுக்குறாய்ங்க" என்று அவ்வப்போது போன் வரும். போய் எடுத்து அனுப்புகிறோம். இதுவரை அவர் சொன்ன ஊர்களில் எல்லாம் கழிச்சல்தான்.